தேரைத் தொட்டித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

இந்த எபிசோட் ஒரு பக்கெட் அழுக்குத் தண்ணீரில் ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆபீஸ் வேலையா மூணு மாசம் பெர்லின்ல இருந்தேன். என் காலேஜ் சீனியர் ஒருத்தர் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார். கோடை லீவுக்கு அவங்க கோயம்புத்தூர் கிளம்பினபோது, "தம்பி, மூணு வாரம் எங்க வீட்டுலயே தங்கிக்கோ. வாடகை வேணாம், தேரைங்களை மட்டும் பார்த்துக்கோ போதும்" என்றார். பெர்லின் வாடகை தெரிஞ்சவங்களுக்குப் புரியும், நான் யோசிக்கவே இல்லை.

தேரைகள் அவருடையது இல்லை, ஒன்பது வயசு பொண்ணுடையது. ஒரு கண்ணாடித் தொட்டி, பாதி தண்ணீர், பாதி கல்லும் பாசியும். அதுல ரெண்டு. முதுகு பச்சை, அதுல கறுப்புத் திட்டு. அடிவயிறு? ஒண்ணுக்கு ரத்தச் சிவப்பு, பேரு தக்காளி. இன்னொண்ணுக்கு மங்கின மஞ்சள், பேரு மாம்பழம். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர். பொண்ணு சொல்லச் சொல்ல அவங்க அம்மா எழுதினது. தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கை கழுவணும். குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தக் கூடாது. வேற தவளையோட சேர்க்கக் கூடாது. அழுக்குத் தண்ணியை ப்ளீச் கலக்காம வெளியே கொட்டக் கூடாது. எப்பவும், எங்கேயும் வெளியே விடக் கூடாது.

நாலாவது நாள் தொட்டியைச் சுத்தம் பண்ணி, பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அபார்ட்மென்ட் பின்னாடி இருக்கிற சின்னக் குளத்துக்குப் போனேன். செடிக்கு உரமாகுமேன்னு ஒரு நல்லெண்ணம். சரியா அப்போ கோயம்புத்தூர்லேர்ந்து வீடியோ கால். "சித்தப்பா! அங்க ஊத்தாதீங்க!" ஏன்மா என்று கேட்டேன். "ரூல்ஸ்ல இருக்கு." அதுக்கு மேல அவளுக்கும் தெரியலை.

பழைய கோடுல சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு 'இஃப்' கண்டிஷன் இருக்கும் பாருங்க. அதை அழிக்கிறதுக்கு முன்னாடி கிட் பிளேம் போட்டு, யார் எழுதினது, எந்தப் பக் வந்தபிறகு எழுதினதுன்னு பார்ப்போம் இல்லையா? அன்னிக்கு ராத்திரி அந்த ஃப்ரிட்ஜ் பேப்பருக்கு நான் செஞ்சது அதுதான்.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். ஓரியன்டல் ஃபயர் பெல்லிட் டோட். தமிழ்ல நெருப்பு வயிற்றுத் தேரைன்னு வச்சுக்கலாம். அறிவியல் பேர் பாம்பினா ஓரியன்டாலிஸ். கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரக்கிழக்கு, இதுதான் ஊர். நீளம் அஞ்சு சென்டிமீட்டர் வரும். பத்து வருஷத்துக்கு மேல வாழும். நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கத் தெரியாது, வாயோடு போய் விழும். கொரிய மொழியில இதன் பேர் முடாங் கேகூரி. முடாங் என்றால் அங்கே சாமியாடுற பூசாரி அம்மா. அவங்க உடுத்துற பளிச் நிறம்தான் பேருக்குக் காரணம்னு சொல்றாங்க.

ஐரோப்பாவிலும் இதற்குச் சொந்தக்காரங்க உண்டு. அங்கே இருக்கிற நெருப்பு வயிற்றுத் தேரைக்கு லின்னேயஸ் 1761-ல் பேர் வச்சார். ஜெர்மன்ல உன்கெ. அதன் சோகமான குரலைக் கேட்டு, கெட்டது நடக்கும்னு ஆரூடம் சொல்றதுக்கு 'உன்கென்' என்றே ஒரு வினைச்சொல் வந்துடுச்சு. நமக்குப் பல்லி சொல்ற மாதிரி அவங்களுக்கு உன்கெ. ஆபத்து வந்தா இது முதுகை வில்லா வளைச்சு, கையையும் காலையும் தூக்கி, வயிற்று நிறத்தைக் காட்டும். 'நான் விஷம், கிட்ட வராதே'ன்னு அர்த்தம். அந்தச் செய்கைக்கு அறிவியல்ல இன்னிக்கும் உன்கென்ரெஃப்ளெக்ஸ்னுதான் பேர்.

விஷம் சும்மா மிரட்டல் இல்லை. 1971-ல் இத்தாலியில வித்தோரியோ எர்ஸ்பாமரின் குழு ஐரோப்பியத் தேரையின் தோலிலிருந்து 14 அமினோ அமிலம் கொண்ட ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தது. தேரை பேரையே வச்சு பாம்பெசின்னு சொன்னாங்க. பிறகு அதே குடும்பத்துப் பொருள் நம்ம உடம்புக்குள்ளேயும் வயிற்று அமிலச் சுரப்பைத் தூண்டிக்கிட்டு இருக்கிறது தெரிஞ்சது. கை கழுவச் சொல்ற முதல் ரூலில் ஒரு பாதி இதுதான். கண்ணைக் கசக்கினா எரியும், நான் கசக்கிப் பார்த்துட்டேன். மறுபாதி தேரைக்காக. நம்ம கையில இருக்கிற உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகாது. அந்தத் தோல் வழியாத்தான் அது தண்ணீர் குடிக்குது, பாதி மூச்சும் விடுது. குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆகாததும் அதே காரணம்.

ஆனா நாலாவது ரூல், அந்த ப்ளீச்? அதுக்கு 1989-க்குப் போகணும்.

அந்த வருஷம் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஊர்வன, நீர்நில வாழ்விகள் ஆய்வாளர்களின் முதல் உலக மாநாடு. டீ இடைவேளைகள்ல ஒருத்தர் பேச ஆரம்பிக்கிறார்: என் காட்டுல தவளை காணோம். இன்னொருத்தர்: எங்க மலையிலயும்தான். ஆஸ்திரேலியாவில், முட்டையை விழுங்கி வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரித்து வாய்வழியா வெளியே விடுற அபூர்வத் தவளை ரெண்டு இனம் இருந்தது. 1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு ரெண்டையும் காட்டுல யாரும் பார்க்கலை. கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டேயில் தங்க நிறத் தேரையைக் கடைசியா ஒருத்தர் பார்த்தது அந்த 1989-லதான். மரம் வெட்டாத, மருந்தடிக்காத, பாதுகாக்கப்பட்ட காடுகள் அவை. அதனாலதான் ஆய்வாளர்களுக்குப் பயம்.

கொலையாளியைக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆச்சு. 1998-ல் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்த தவளைகளின் தோலில் ஒரே பூஞ்சை இருப்பதா ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே சமயம் வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் நீல நிற விஷ அம்புத் தவளைகள் செத்துக்கிட்டிருந்தன. அங்கே இருந்த நோய்க்கூறு நிபுணர்கள் மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோரிடம் உதவி கேட்டாங்க. கைட்ரிட் என்கிற பூஞ்சை வகையில் அவர் நிபுணர். மகரந்தம், அழுகின இலை இதுல எல்லாம் வாழற, யாரும் கண்டுக்காத பூஞ்சைக் கூட்டம் அது. முதுகெலும்புள்ள பிராணியின் உடம்பில் வாழற கைட்ரிட் அதுவரை யாருக்கும் தெரியாது. 1999-ல் அவங்க வச்ச பேர் பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ். கைட்ரா என்றால் கிரேக்கத்துல மண்சட்டி. நுண்ணோக்கியில் பூஞ்சை சட்டி மாதிரி இருக்கும். அந்தச் சட்டியிலிருந்து வால் முளைச்ச வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் அடுத்த தவளையைத் தேடும். தோல் கெட்டதும் உடம்பில் சோடியமும் பொட்டாசியமும் குறையும், கடைசியில் இதயம் நிக்கும். 2019-ல் வந்த ஒரு கணக்குப்படி குறைந்தது 501 இனங்களின் சரிவில் இதற்குப் பங்கு உண்டு, அதில் 90 இனம் அழிஞ்சே போயிருக்கலாம். கணக்கு முறையைப் பற்றிச் சண்டை நடந்தது. பூஞ்சைதான் குற்றவாளி என்பதில் சண்டை இல்லை.

சரி, எங்கிருந்து வந்தது? 2004-ல் ஒரு அழகான பதில் வந்தது: ஆப்பிரிக்கா. 1930-களில் லான்சலாட் ஹாக்பென் என்கிற ஆய்வாளரின் வேலையிலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை முறை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைத் தென்னாப்பிரிக்க நகத்தவளைக்கு ஊசியாப் போட்டா, கர்ப்பம்னா தவளை சில மணி நேரத்துல முட்டை போடும். அதுக்காக உலகம் பூரா ஆஸ்பத்திரிகளுக்கு நகத்தவளை ஏற்றுமதி. அருங்காட்சியகத்தில் இருந்த 1938-ம் வருஷத்து நகத்தவளை ஒண்ணுல பூஞ்சை கிடைச்சது. கேஸ் முடிஞ்சதுன்னு பலர் நம்பினாங்க. கதை அவ்வளவு கச்சிதம்!

ஆனா லாக் ஃபைலைப் பார்க்காம கதையை நம்பக் கூடாது இல்லையா. 2018 மே மாதம் சயன்ஸ் இதழ்ல, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சைமன் ஓஹான்லனும் மேத்யூ ஃபிஷரும் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதின கட்டுரை வந்தது. உலகம் முழுக்கச் சேகரித்த 234 பூஞ்சை மாதிரிகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டிருந்தாங்க. லாஜிக் எளிமையானது. ஒரு கிருமி எங்கே ரொம்ப காலமா இருக்கோ அங்கே அதன் வகைகள் அதிகமா இருக்கும். புதுசா போன இடத்துல எல்லாம் ஒரே காப்பியா இருக்கும். வகை வகையா இருந்த இடம் கொரியத் தீபகற்பம். அந்த மாதிரிகள் வந்த தவளைகளில் நம்ம நெருப்பு வயிற்றுத் தேரையும் ஒண்ணு. உலகைச் சுத்தின கொலைகார வகை பரவ ஆரம்பிச்சது 50 முதல் 120 வருஷத்துக்குள்ளேன்னு கணிச்சாங்க. கப்பல், விமானம், வணிகம் பெருகின காலம். விற்பனைக்காகக் கொண்டுபோன தவளைகளிலும் இந்தப் பூஞ்சை வகைகள் இருந்தன.

இங்கே கவனமா இருக்கணும். 'இந்தத் தேரைதான் உலகத்துக்கே நோயைக் கொண்டு போச்சு'ன்னு அந்தக் கட்டுரை சொல்லலை. இறைச்சிக்கு, ஆய்வுக்கு, வளர்ப்புக்குன்னு எத்தனையோ தவளைகள் கடல் தாண்டியிருக்கு. அது சொல்றது வேற, என்னைக் கேட்டா அதைவிட மோசம். கொரியாவில் தவளைகளும் பூஞ்சையும் ரொம்ப காலமா ஒண்ணா வாழுது, அங்கே பெருஞ்சாவு பதிவாகலை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் பூஞ்சை இருப்பதா 2011-ல் அறிக்கை வந்தது. இங்கேயும் ஆஸ்திரேலியா மாதிரி சாவு பதிவாகலை. அதாவது, பூஞ்சையைச் சுமந்துக்கிட்டே கொழு கொழுன்னு இருக்கிற பிராணி இருக்கலாம். எந்தக் கடையில கேட்டாலும் நெருப்பு வயிற்றுத் தேரையைப் பத்திச் சொல்ற முதல் வார்த்தை 'சாகாது சார், புதுசா வளர்க்கிறவங்களுக்கு நல்லது'. அந்தக் கெட்டியான உடம்புதான் பிரச்சினை. சாகாததனால யாருக்கும் சந்தேகம் வராது.

இதோட முடியலை. நெதர்லாந்தின் தெற்கு மூலையில் ஒரு காட்டுல நெருப்பு சாலமாண்டர்கள் செத்தன. 2010-ல் இருந்ததில் 4 சதவீதம்தான் மிஞ்சியது. ஆன் மார்டெல் தலைமையிலான குழு 2013-ல் ரெண்டாவது பூஞ்சையை விவரித்தது, பேர் சாலமாண்ட்ரிவோரான்ஸ், சாலமாண்டர் தின்னி. இதுவும் ஆசியாவிலிருந்து வந்தது. இந்தத் தடவை அரசாங்கங்கள் சீக்கிரம் முழிச்சுக்கிட்டாங்க. 2016 ஜனவரியில் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் சாலமாண்டர் வணிகத்துக்குத் தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் கட்டாயமாக்கியது. சட்டம் முழுக்க சாலமாண்டர் பற்றித்தான். ஆனா நடுவுல, 2017-ல், வியட்நாமிலிருந்து ஜெர்மனிக்கு வந்த தேரைகளின் தோலில் இதே பூஞ்சை கிடைச்சது. எந்தத் தேரை தெரியுமா? நம்ம ஆளோட நெருங்கிய சொந்தம், பாம்பினா மைக்ரோடெலாடிஜிடோரா. ஃபயர்வால்ல ஒரு போர்ட்டை மூடிட்டு பக்கத்து போர்ட்டைத் திறந்து வச்ச கதை.

இன்னொரு முரண். ஐரோப்பாவின் சொந்த உன்கெ 1992-ம் வருஷத்து வாழிடச் சட்டத்தின் கீழ் கடுமையான பாதுகாப்பில் இருக்கு. குளத்திலிருந்து ஒண்ணைப் பிடிச்சு வீட்டில் வச்சா குற்றம். ஆனா ஐயாயிரம் மைல் மாதிரி ஒரு தூரத்திலிருந்து வந்த அதன் ஒன்றுவிட்ட தங்கச்சியைக் கடையில காசு கொடுத்து வாங்கலாம். உள்ளூர் உன்கெ வாழற குட்டைக்குப் பக்கத்து வீட்டிலேயே வைக்கலாம். நான் பக்கெட்டோடு போய் நின்ன குளம் ஞாபகம் இருக்கா?

இப்போ வயிற்று நிறத்துக்கு வரேன். எனக்கு ராத்திரி தூக்கம் போனது இதனாலதான். அந்தச் சிவப்பைத் தேரை தானா உண்டாக்காது. கேரட்டுல இருக்கிற கரோட்டினாய்டு குடும்பத்து நிறமி அது, இரை வழியா வரணும். காட்டுல நூறு விதமான பூச்சி தின்ற தேரைக்கு வயிறு நெருப்பு. தொட்டியில் பிறந்து, வெறும் வெட்டுக்கிளி தின்னு வளர்ந்ததுக்கு வயிறு மங்கின மஞ்சள். நிறமி கலந்த தீவனம் கொடுத்துச் சரி செய்ய வளர்ப்பவர்கள் முயற்சி பண்றாங்க, ஓரளவுக்குத்தான் முடியுது. அப்போ கடையில எது விற்கும்? சிவப்பு. தவளை தன் வாயால் கெடும்னு சொல்வோம், இது வயிற்றால் கெட்டது. அழகா இருக்கிறதைத் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளரும், தெரியாமலே, காட்டில் பிடிச்சதைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம்.

அவங்க ஊர்லேர்ந்து திரும்பி வந்ததும் இதெல்லாம் சொன்னேன். சீனியர் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். "மாம்பழம் ஒரு வளர்ப்பவர்கிட்ட வாங்கினது. தக்காளியைக் கடையில, ரெண்டு டஜன்ல நல்ல சிவப்பா இருந்ததைப் பார்த்து எடுத்தேன்டா" என்றார். பொண்ணு கேட்டாள்: "அப்போ தக்காளிக்கு அம்மா அப்பா கொரியாவுலயா?" ரசீதுல விலை மட்டும்தான் இருந்தது. "திருப்பி அனுப்பலாமா சித்தப்பா?" முடியாதும்மா என்றேன். இங்கே இத்தனை வருஷம் இருந்தபிறகு அது எதைச் சுமந்துக்கிட்டுப் போகும்னு சொல்ல முடியாது, அஞ்சாவது ரூல் கொரியாவுக்கும் பொருந்தும். அவள் அதுக்குப் பதில் சொல்லலை, கோபமா உள்ளே போயிட்டாள். நியாயமான கோபம்தான்.

அடுத்த வாரம் கால்நடை மருத்துவர்கிட்டப் போய், ரெண்டு தேரையின் தோலிலும் பஞ்சுக் குச்சியால் ஒத்தி எடுத்து லேபுக்கு அனுப்பினாங்க. கோவிட் டெஸ்ட் மாதிரியே பிசிஆர். ரெண்டுக்கும் நெகட்டிவ். பக்கெட்டுல ப்ளீச் ஊத்துறதை இன்னும் நிறுத்தலை.