கல்லில் இல்லாத பெயர்

பொருநையாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் நிற்கின்றன. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே எழுந்தவை. எட்டாவதான திருவைகுண்டம் அணை 1870களில் நிறைவெய்தியது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்து 1843இல் எழுந்த பாலம், பொருள் ஈந்த சுலோசன முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஈந்தவரை நாமும் போற்றுகிறோம். ஆயினும் கேட்கிறோம்: கல் சுமந்தவன் பெயர் எங்கே? சுண்ணாம்பு அரைத்தவள் பெயர் எங்கே?

கல்வெட்டுகளைப் படித்தால் மன்னனின் மெய்க்கீர்த்தி உண்டு. நிலம் தந்தவனின் ஊரும் பேரும் உண்டு. உழைத்தவனைத் தேடினாலோ, 'வெட்டி' என்றொரு சொல் எதிர்ப்படுகிறது. கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய ஊழியத்துக்கு அக்காலம் இட்ட பெயர் அது! வெள்ளையர் வந்தனர்; கரை உடையும் வேளையில் உழைப்பாளியைக் கட்டாயமாக இழுத்துவர 1858இல் சட்டமும் செய்தனர்.

பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகமும் வந்தது. எத்தனை கன அடி மண், எத்தனை கன அடி கட்டுமானம் என்று அது கணக்கெழுதும். அந்தக் கணக்குப்படி ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். மண்ணுக்கு அதில் இடமுண்டு. மண் சுமந்த மனிதனுக்கு இடமில்லை. கொத்தனாரும் சித்தாளும் எத்தனை நாள் உழைத்தனர், என்ன பெற்றனர் என்பதைச் சொல்லவல்லவை வருகைப் பதிவேடும் கூலிப் பதிவேடுமே. அவை இல்லையேல், குறைகூலி பெற்றவன் அதிகாரி முன் நின்று எதைக் காட்டுவான்? அவன் சொல் ஒருபுறம், ஒப்பந்தக்காரரின் சொல் மறுபுறம். எந்தச் சொல் எடுபடும் என்பதை நாம் அறியோமா?

உலகம் இதை உணர்ந்தது. அரசுப் பணி எடுக்கும் ஒப்பந்தக்காரர் உழைத்த நேரத்தையும் கொடுத்த கூலியையும் பதிந்து வைக்கவேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1949இல் உடன்படிக்கை கண்டது. இந்தியாவில் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் மேலும் ஓரடி சென்றது. கூலி வழங்குமிடத்தில் வேலை கொடுத்தோரின் பிரதிநிதி இருந்து சான்றொப்பம் இடவேண்டும். ஒப்பந்தக்காரர் கொடாவிடில் வேலை கொடுத்தோரே கொடுத்து, அவரிடம் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றது. அரசு அணை கட்டினால், அரசே அந்த வேலை கொடுத்தோர்!

ஓட்டையும் இருந்தது. இருபது பேருக்குக் குறைந்தால் அச்சட்டம் தீண்டாது. அதன் இடத்துக்கு 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் வந்தபோது, அந்த இருபது ஐம்பது ஆயிற்று. ஓட்டை வாயிலாயிற்று! கூலிப் பதிவேடும் கூலிச் சீட்டும் வேண்டும் என்ற கடமையை 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் வைத்திருக்கிறது என்பது ஆறுதலே. ஆனால் ஏட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்றால் எழுதப்பட்ட ஏடே பொய்ச்சாட்சி ஆகிவிடும். வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டு, கூலிக்குச் சான்றாகுமா?

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் அதிகாரி, கூலிப் பதிவேட்டையும் உழைப்பாளியின் எதிரிலேயே படித்துப் பார்க்கட்டும். பத்துப் பேர் உழைக்கும் இடமாயினும் பார்க்கட்டும். மன்னனுக்குக் கல் வெட்டினோம். வள்ளலுக்குப் பாலத்தில் பெயர் பொறித்தோம். உழைப்பாளிக்கு ஒரு வரி, அதுவும் உண்மையான வரி, ஏட்டில் எழுதத் தயங்கலாமா?