ஆப்பிலிருந்து வெடிக்கு: பெருமுக்கல் வட்டாரத்தில் கல் பிளந்த வரலாறு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகும் வழியில் எழுந்து நிற்கும் பாறைக்குன்று பெருமுக்கல். உச்சியில் முக்தியாலீசுவரர் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உள்ளன. குகையில் பழங்காலப் பாறைக் கீறல்கள் உண்டு. கோட்டையின் சிதைவுகளும் உண்டு. வந்தவாசிப் போருக்குப் பின் 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ‘பெர்மாகோயில்’ இந்த மலைதான். கோயிலைப் பற்றியும் போரைப் பற்றியும் எழுதியவர்கள், அவற்றுக்கு அடிப்படையான ஒரு வேலையைப் போகிறபோக்கில் தொட்டதோடு சரி. கல்லைப் பிளக்கும் வேலை அது.

அந்த வேலையின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதினால் முக்கியமானது விடுபட்டுப்போகும். உளி, ஆப்பு, நெருப்பு, வெடி என்று முறைகள் மாறியது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம் நோக்கத்தில் நேர்ந்தது. முன்பு கல்லை ஒரு கோட்டின்படி இரண்டாக்கினார்கள். இரண்டு பாதியும் பயன்பட்டன. இன்று கோடு தேவைப்படாத அளவுக்குக் கல் நொறுங்கினால் போதும்.

கற்கோயில்களின் தொடக்கம் பிளப்பதில் இல்லை, குடைவதில். இதே விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கமுள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல் எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. குடைவரையில் வெளியே வரும் கல் கழிவு. உள்ளே நிற்பதுதான் கோயில். நூறாண்டு கழித்துப் பின்வந்த பல்லவன் இராஜசிம்மன் பனைமலையில் கட்டுமானக் கோயில் எழுப்பியபோது இந்தக் கணக்கு தலைகீழானது. பாறையிலிருந்து பிரிந்து வரும் துண்டுதான் இப்போது தூணும் உத்தரமும். அது உடையாமல், நினைத்த அளவில் வந்தாக வேண்டும். தமிழகத்துக் கல் பிளப்பு ஒரு கலையாக வளர்ந்ததற்கு இந்தத் தேவைதான் காரணம் என்பது என் முடிவு. பெருமுக்கல் உச்சிக் கோயிலும் இந்த மரபில் வந்ததுதான்.

ஆப்புப் பிளப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். முதலில் சுத்தியால் தட்டி ஓசை கேட்கிறார்கள். கணீரென்றால் கல் முழுசு. மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. பிறகு நூல் பிடித்துக் கோடு போட்டு, அதன்மேல் சிறு சிறு இடைவெளியில் உளியால் குழி வெட்டுகிறார்கள். குழி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. வரிசை பிசகக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் இரும்பு ஆப்பை நிறுத்தி, சம்மட்டியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆளுக்கு ஓர் அடி என்கிற மாதிரி ஒவ்வோர் அடியாக இறக்குகிறார்கள். ஓர் ஆப்பை மட்டும் ஆத்திரப்பட்டு அடித்தால் கல் குறுக்கே போய்விடும். சுற்று ஏற ஏறச் சத்தம் மாறுகிறது. பிறகு சற்று நிறுத்திக் காத்திருக்கிறார்கள். மயிரிழை போன்ற ஒரு கோடு குழிக்குக் குழி ஓடி, பாறை விடுகிறது. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும் வலு மிகப் பெரிது. இழுப்பைத் தாங்கும் வலு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. ஆப்பு அந்த பலவீனத்தில்தான் கைவைக்கிறது.

மரத்தாலான ஆப்பில் தண்ணீர் ஊற்றி, அது ஊதிக் கல்லைப் பிளந்தது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. பழைய பாறைகளில் தெரியும் ஆழமற்ற குழிகளுக்கு அந்த விளக்கத்தைவிட இரும்பு ஆப்பே பொருந்தும் என்று கருதுகிறேன்.

குழியின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்லலாமா? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஏறத்தாழ 1830க்கு முந்தைய கற்களில் தட்டையான குழியும், பிந்தையவற்றில் துளைப்பானால் இட்ட வட்டக் குழியும் இருப்பதைக் கொண்டு கட்டடங்களுக்குக் காலம் கணிக்கிறார்கள். அந்த அளவுகோலை இங்கே அப்படியே வைக்க முடியாது. நம் ஊரில் கையுளியால் செவ்வகக் குழி வெட்டுவது 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆகவே ஒரு பாறையில் ஆப்புத் தழும்பு தெரிந்ததும் ‘பல்லவர் காலம்’ என்று எழுதிவிடுவது ஆபத்து. கோயில் சுவரில் அடைபட்ட கல்லின் தழும்பையும் திறந்த பாறையின் தழும்பையும் ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும்.

ஆப்போடு நெருப்பும் இருந்தது. பெங்களூர்ப் பக்கம் பாறைமேல் விறகுத் தீயை ஒரு வளைவாக மூட்டி, மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பலகை பலகையாகக் கல் எடுத்ததை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த் என்பவர் பதிவு செய்தார். 15 அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) விறகில் 740 சதுர அடிப் பரப்பு, சராசரி 5 அங்குலத் தடிப்பில் பாறையை விட்டுப் பிரிந்ததாம். அங்கும் தீயை எப்போது நகர்த்துவது என்று சொன்னது சுத்தியின் ஓசைதான்.

இப்படி எடுத்த கல் கடலும் கடந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்தது பல்லாவரத்துக் கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயராலேயே அந்தப் பாறை வகையை சார்னோக்கைட் என்று அழைத்தார். விழுப்புரம் மாவட்டத்திலும் அந்த வகைப் பாறை உண்டு.

திருப்பம் சாலையோடும் ரயிலோடும் வந்தது. 1870களில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திண்டிவனம் வழியே போடப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுவதற்குத் தேவை தூணோ பலகையோ அல்ல, ஜல்லி. 1867இல் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட் உலகெங்கும் குவாரிகளுக்குள் நுழைந்தது; இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884இல் வந்தது. பிறகு கம்பிரசர், ஜாக் ஹாமர், கிரஷர். ஜல்லியும் எம்-சாண்டும் கேட்கும் சந்தைக்குக் கல் எந்தப் பக்கம் விடும் என்பது பொருட்டே அல்ல. அதை அறிந்திருந்த, கல்லுடைக்கும் போயர் சமூகக் குடும்பங்களின் கைத்திறனுக்குக் கூலி குறைந்தது இதனால்தான். இது ஒரு பெரிய இழப்பு; இயந்திரம் வந்தால் இப்படித்தான் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் கல்லை அளவாகவே பார்க்கிறது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிம விதிகள் குத்தகை, கட்டணம், குடியிருப்பிலிருந்து விட வேண்டிய தூரம் பற்றிப் பேசுகின்றன. 1966இன் மாநிலத் தொல்லியல் சட்டம் நினைவுச் சின்னங்களைக் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே விழுவது, கல்வெட்டும் சிற்பமும் இல்லாமல் குழி வரிசை மட்டும் தாங்கிய வெறும் பாறை. திண்டிவனம் வட்டாரத்தில் கல் குவாரிகள் பெருகிய இடங்களில் முதலில் போவது அத்தகைய பாறைதான்.

பெருமுக்கலில் செய்ய வேண்டிய பதிவு எளியது. மலைச்சரிவிலும் கோட்டைச் சுவரிலும் கோயில் அடித்தளத்திலும் தெரியும் ஒவ்வொரு குழி வரிசைக்கும் நீளம், அகலம், ஆழம், இடைவெளி, திசை ஆகிய ஐந்தையும் அளந்து படமெடுக்க வேண்டும். கூடவே, ஆப்பு அடித்த கைகளில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் சுத்திச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பாறையில் உள்ளதை இன்னும் சில ஆண்டு கழித்தும் அளக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.