கடிதங்களின் இடப்பெயர்வு

வலிகாமத்தில் மானிப்பாயை அடுத்து அமைந்த ஊர் சண்டிலிப்பாய். கல்வளைப் பிள்ளையாரும் சீரணி நாகபூசணி அம்மனும் கோயில் கொண்ட அவ்வூரில், நண்பர் ஒருவர் சிறு நிறுவனம் நடத்தி வருகின்றார். 2002 ஏப்ரிலில் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர் கொழும்பிலிருந்து ஊர் திரும்பித் தொழில் தொடங்கியவர் அவர். அண்மையில் அவரது அலுவலகத்தில் மின்னஞ்சல் வழங்கியைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணி நடந்தபோது நானும் அங்கிருந்தேன்.

"இண்டைக்கு இடப்பெயர்வு, ஐயா" என்றார் கணினிப் பொறுப்பாளரான இளைஞர்.

கணினித்துறையில் அச்சொல் இயல்பாக வழங்குகின்றது. எனினும் வலிகாமத்தில் அச்சொல்லுக்கு ஒரு திகதி உண்டு. 1995 ஒக்டோபர் 30. அன்றிரவு வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். காணி உறுதியையும் நகையையும் எடுத்தவர்கள் கடிதக் கட்டை எடுக்கவில்லை. 1996இல் வீடு திரும்பியபோது அக்கடிதங்களை மீண்டும் காணாதோர் பலர்.

இன்னொரு முரணையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990இல் தெற்கே மொரட்டுவை, கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களை இணைத்து இலங்கையின் முதல் மின்னஞ்சல் வலையமைப்பு தொடங்கியது. அதே ஆண்டில்தான் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்கான மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. உலகம் மின்னஞ்சலுக்கு மாறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நாம் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் வரும் கடிதங்களுக்காகக் காத்திருந்தோம். ஆகவே நண்பரது அலுவலகத்துக்கு 2003இல் மின்னஞ்சல் வந்தபோது, அந்த ஒரு முகவரி அவ்வொழுங்கை முழுவதற்குமான முகவரியாயிற்று. கனடாவிலும் இலண்டனிலும் இருந்த பிள்ளைகள் அதற்கு எழுதினர். நண்பர் அச்சிட்டு வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுத்தார்.

அக்கடிதங்கள் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்பில் தொடங்கி, 2010, 2016 ஆகிய பதிப்புகளின் வழியே வந்தவை. 2016 பதிப்புக்கும் 2019 பதிப்புக்குமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத வழங்கியை இணையத்தில் விட்டுவைப்பது கதவைத் திறந்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். 2016 பதிப்பை இருந்த இடத்திலேயே புதுப்பிக்கவும் இயலாது. வேறொரு கணினியில் புதிய பதிப்பை நிறுவி, அஞ்சற்பெட்டிகளை ஒவ்வொன்றாக அதற்கு நகர்த்த வேண்டும்.

நகர்த்தும்போது சில கடிதங்கள் பழுதுற்றவை எனக் கண்டறியப்படும். எத்தனை பழுதுகளைத் தாண்டிச் செல்லலாம் என்பதைப் பொறுப்பாளரே எண்ணாகக் குறிக்க வேண்டும். தாண்டப்பட்டவை புதிய பெட்டிக்கு வாரா. அந்த எண் 50ஐக் கடந்தால், பெருமளவு தரவிழப்பை ஏற்கிறேன் எனப் பொருள்படும் கட்டளையையும் சேர்க்க வேண்டும். இழப்புக்கு இப்படி ஒப்புதல் கேட்கும் நாகரிகம் 1995இல் எவரிடமும் இருக்கவில்லை.

அன்று திரையில் பழுதுற்றவற்றின் பட்டியல் தோன்றியது. அவற்றிற் பலவற்றின் தலைப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. "எல்லாம் குப்பை அஞ்சல் ஐயா, விட்டிடுவம்" என்றார் இளைஞர்.

ஒரு தலைப்பை உற்றுப் பார்த்தேன். 'எம்', 'கே', அரைப்புள்ளி, மீண்டும் 'கே', 'எச்'. பத்திரிகை அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகப் பாமினியில் தட்டச்சுச் செய்த விரல்கள் அதனை உடனே வாசித்தன: 'அம்மா'.

இதன் காரணத்தை இளந்தலைமுறை அறிந்திருக்க நியாயமில்லை. 1982இல் யோன் பொஸ்டெல் வகுத்த அஞ்சல் விதி, ஆங்கிலத்துக்குப் போதுமான 128 குறிகளை மட்டுமே கடத்தியது. பாமினி எழுத்துரு அக்குறிகளின் மீதே தமிழ் வடிவங்களை ஏற்றியது. எனவே எந்த வழங்கியையும் அது தாண்டிச் சென்றது. ஆனால் எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிட்டால் எஞ்சுவது ஆங்கிலக் குவியலே. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்னஞ்சல் குழுக்களில் கூடி ஆராய்ந்து உருவாக்கிய திஸ்கி, ஆங்கிலத்தை விட்டுவிட்டு 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை அமர்த்தியது. அதனைப் பழைய வழங்கிகள் சிதைத்தன. புதியவை மேலை ஐரோப்பிய எழுத்தெனப் பிழையாகக் கருதின. 1991 முதல் ஒருங்குறியில் தமிழ் இருந்தபோதும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது மெல்லப் பரவியது.

பாமினியில் எழுதியது எவ்வகையிலும் பழுதன்று. மூலக் குறிகள் காக்கப்பட்டால் எழுத்துமாற்றி அவற்றை மீண்டும் தமிழாக்கும். ஆனால் பழுதுற்ற கடிதத்தைத் தாண்டலாமா என்று தீர்மானிப்பவர் தலைப்பைப் பார்த்தே தீர்மானிக்கின்றார். வாசிக்க முடியாதது குப்பையாகிவிடுகின்றது.

விளக்கியதும் இளைஞர் பணியை நிறுத்தினார். பழைய தரவுத்தளத்தின் முழுப் பிரதியொன்றை முதலில் எடுத்தார். பட்டியலிலிருந்த கடிதங்களைப் பழைய பெட்டியிலிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து தனிக் கோப்புகளாகச் சேமித்தார். சில திறக்கவில்லை. திறந்தவற்றுள் அந்த 'அம்மா' கடிதமும் ஒன்று. எழுதியவர் கனடாவில் இருக்கிறார். பெற்றவர் இன்று இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. மறுபிரதி இல்லாதவை மீளவே இல்லை. அது வன்செயல், கணினியில் நிகழ்வது கவனயீனம். இரண்டிலும் எஞ்சுவது வெறுமையே என்பதை மறுக்க இயலாது.

வழங்கியை மாற்றுவோர் மாற்றட்டும், அது தவிர்க்கவியலாதது. பழையதை அழிக்குமுன் ஊரில் மூத்தவர் ஒருவரை அழைத்துப் பட்டியலைக் காட்டுங்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது அவருக்குத் தமிழாகத் தெரியக்கூடும்.