அந்நியரை ஏற்றல்: ஈகையா, உரிமையா?

1936இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது முதல் நூற்பாலைகளோடு வளர்ந்த நகரம் இராஜபாளையம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்று பிற மாநிலத் தொழிலாளர்களும் உழைக்கின்றனர். கிறிஸ்துமஸ் நாளில் அவர்களுக்கு உணவும் உடையும் அளிப்பதோடு திருச்சபையின் கடமை முடிந்துவிடுமா?

விவிலியம் கூறுவது

விவிலியத்தில் அந்நியர் இரக்கத்துக்குரியவர் மட்டுமல்லர், உரிமை உடையவர். சொந்த மக்களுக்கு இணையாக அவரை நடத்தக் கட்டளையிடுகிறது லேவியராகமம் 19:34. எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட துயரத்தின் நினைவே அதற்குக் காரணம். உபாகமம் 24ஆம் அதிகாரம், உள்ளூரார் அந்நியர் என்ற வேறுபாடின்றி, ஏழைத் தொழிலாளியின் கூலியை அன்றே கொடுக்கச் சொல்கிறது. வயலில் விடுபட்ட கதிர்களும் அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. மோவாபியப் பெண்ணான ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த முறைப்படியே. மத்தேயு 25இல் இயேசு அந்நியரோடு தம்மையே அடையாளப்படுத்துகிறார்.

சட்டம் கூறுவது

மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், 1979, பயணப்படியோடு இடப்பெயர்வுப் படியையும் உறுதி செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் பயணப்படி உண்டு. இடப்பெயர்வுப் படி இல்லை. ஐந்து தொழிலாளர் என்றிருந்த வரம்பும் பத்தாக உயர்ந்துவிட்டது.

இரு எல்லைகள், ஒரே இழப்பு

ஒடிசாவிலோ பீகாரிலோ பட்டியல் சாதியினரான ஒருவர், தமிழ்நாட்டுக்குப் புலம்பெயர்ந்தால் இங்கு இடஒதுக்கீடு கோர இயலாது. 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித்தோ, குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணையின் 3ஆம் பத்தியால் பட்டியல் தகுதியையே இழக்கிறார். மாநில எல்லையைக் கடந்தவரும் மத எல்லையைக் கடந்தவரும் இழப்பால் உறவினர். சாதி மட்டும் இருவரையும் பின்தொடர்கிறது. தன் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரை விட்டுவைக்கும் சபை, அந்நியரை வரவேற்பதாகக் கூறுவது பொருளற்றது.

செய்யத்தக்கது

விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, ஆலைத் தொழிலாளருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி வழங்குகிறது. இவ்வுரிமை மாநிலத்தையும் கேட்பதில்லை, மதத்தையும் கேட்பதில்லை. கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியை அங்கு அழைத்துச் செல்வதும், அவர் மொழியில் மனு எழுத உதவுவதும், வழக்கு முடியும்வரை உடன் நிற்பதுமே மெய்யான விருந்தோம்பல்.