மலபார்க் கத்தியும் தோலுறையும்: தொழிலும் சட்டமும்

முன்னுரை

படைக்கருவியின் வரலாறு பெரும்பாலும் அதனை ஏந்தியவரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனைச் செய்தவருக்கு அங்கு இடம் குறைவு. மலபார் மாப்பிள்ளைமார் அரையில் செருகியிருந்ததும், மலப்புறம் கத்தி என இன்று அறியப்படுவதுமான கத்தி இதற்குத் தக்க சான்றாகும். அதன் செய்தொழிலையும், அதனைக் குற்றப்பொருளாக்கிய 1854ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது.

தொழிலும் சொல்லும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளருள் இரும்புவேலை செய்யும் கொல்லரையும் தோல் தைப்போரையும் வெவ்வேறாகச் சுட்டுகிறது. மலபாரிலோ தோல்வேலை செய்வோர் ‘தோல்கொல்லர்’ எனப்பட்டனர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுப்பிலும் இப்பெயர் காணப்படுகிறது. உலைக்குரிய பெயர் தோல்வினைக்கும் வழங்கியது, கத்தியும் உறையும் அண்மைத் தொழில்களாக எண்ணப்பட்டமையைக் காட்டுகிறது எனலாம்.

அத்தொடர்பு வினையிலும் உண்டு. உலையில் காற்றூதும் துருத்தியே தோலால் ஆனது. காய்ச்சிய இரும்பை அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நீட்டுவர். பின் நீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுப்பர். தோய்ச்சலால் கடினமுற்ற அலகு எளிதில் முறியும். எனவே மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தி, சாணையில் கூர் தீட்டுவர். ஈரத்தோலை அலகின் வடிவுக்கேற்ப மடித்துத் தைத்தால், அது உலர்ந்து இறுகி அக்கத்திக்கே உரிய உறையாகிவிடும்.

1854ஆம் ஆண்டுச் சட்டம்

1836 முதல் ஏறநாடு, வள்ளுவநாடு ஆகிய வட்டங்களில் மாப்பிள்ளைக் கிளர்ச்சிகள் தொடர்ந்தன. 1852இல் இவற்றை விசாரித்த டி. எல். ஸ்ட்ரேஞ்ச், சமயவெறியே முதற்காரணம் என முடிவுசெய்து, போர்க்கத்திகளைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தார். அதன்வழி வந்த 1854ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் அவற்றை வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. இச்சட்டம் மலபார் மாவட்டத்துக்கே உரியது. கொச்சி அரசின் கீழிருந்த மட்டாஞ்சேரி போன்ற ஊர்கள் அம்மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால் இருந்தன. ஆகவே குற்றம் என்பது கத்தியின் இயல்பால் அன்றி, ஆட்சியெல்லையால் வரையறுக்கப்பட்டது.

மாவட்ட ஆட்சியர் எச். வி. கானலி 1854 டிசம்பரில் நேரில் சுற்றுப்பயணம் செய்து கத்திகளைத் திரட்டத் தொடங்கினார். 1855 ஜனவரி முடிய 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டன. எனினும், அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் கானலியே தம் இல்லத்தில் கொல்லப்பட்டார்.

முடிவுரை

ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், 1881இல் நிலவுரிமை பற்றி ஆராய அமர்த்தப்பட்ட வில்லியம் லோகன், குடியானவரை நிலத்தினின்று வெளியேற்றும் முறையே கலகங்களின் வேர் எனக் கண்டார். குடியானவரின் நிலமேம்பாட்டுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1887இல் வந்தது. கிளர்ச்சியின் காரணத்தை நிலத்தில் தேடாமல் அரைக்கச்சையில் தேடியதே 1854ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிழை எனக் கொள்ளலாம். அப்பிழையின் சுமையில் ஒரு பங்கு தொழிலாளர் மேலும் விழுந்திருத்தல் வேண்டும். வைத்திருத்தலே குற்றமான பொருளை வெளிப்படையாக வாங்குவார் இலர். வாங்குவார் இல்லாத இடத்தில் கைத்திறன் தலைமுறை கடப்பதும் அரிது. 7,561 என்னும் எண் கத்திகளை எண்ணுகிறது. அவற்றை அடித்த கையையும் உறை தைத்த கையையும் எண்ணவில்லை. மலபார்க் கலக வரலாற்றில் கொல்லருக்கும் தோல்கொல்லருக்கும் உரிய இடத்தை அளிப்பது இனிவரும் ஆய்வுகளின் கடனாகும்.