பிரியதத்தமும் மாமூலும்

மங்கள வார்த்தை செபத்தைப் பழைய முறையில் சொல்லிவந்த நம் பாட்டிமார் 'அருள்' என்று சொன்னதில்லை. 'பிரியதத்தம்' என்றே சொன்னார்கள். பின்னால் வந்த மொழிபெயர்ப்பு எளியது, இனியது. ஆயினும் பழைய சொல்லை இழந்ததில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு. தத்தம் செய்வது என்றால் நீர் வார்த்துக் கொடுத்துவிடுவது. கொடுத்தவர் திரும்பக் கேட்பதில்லை. பெற்றவர் அதைத் தம் உழைப்பின் பலன் என்று பேசுவதற்கும் இடமில்லை. களத்துமேட்டில் படியால் அளந்த நெல்லைக் கூலியாக வாங்கியே பழகிய காவிரிக்கரை மக்களுக்கு, அளவும் கூலியும் இல்லாத ஒரு கொடையைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல சொல் அகப்பட்டிராது.

அதே மக்களின் கோவில்களில் மற்றொரு சொல்லும் வழங்கிற்று. அது செபப் புத்தகத்தில் இல்லை. திருவிழாக் கணக்கேட்டில் இருந்தது. மாமூல். யார் எங்கே நின்று பூசை காண்பது, தேர் எந்தத் தெருவோடு திரும்புவது, இறந்தவரைக் கல்லறைத் தோட்டத்தின் எந்த மூலையில் அடக்குவது, எல்லாம் மாமூல். அதை எழுதியவர் பெயர் எவருக்கும் தெரியாது. அதை மீறியவர் பெயர் மட்டும் மூன்று தலைமுறைக்கு நினைவில் இருக்கும்.

சட்டமா, அருளா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் உரோமையின் சட்டத்துக்கும் எளிய மக்களின் விசுவாசத்துக்கும் இடையே நடக்கும் வழக்காகவே பேசி வருகிறோம். தஞ்சைத் தரணியின் திருச்சபை வரலாற்றைப் படித்தால் வழக்காளிகள் இடம் மாறி நிற்பதைக் காண்கிறோம்.

முதலில் அந்தியோக்கியாவுக்குப் போக வேண்டும். சட்டம் சார்ந்த செயல்களால் எவரும் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவதில்லை என்னும் பேருண்மையைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதும் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறார். அந்த வாதம் ஒரு பந்தியிலிருந்து பிறந்தது. பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுகொண்டிருந்த கேபா, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசினார். ஆகவே அருளைப் பற்றிய நம் மறையியலின் வேரில், யார் யாரோடு உட்காரலாம் என்ற கேள்விதான் கிடக்கிறது. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது சொற்களின் கிரேக்க மூலத்தைக் கவனித்த அளவுக்கு அந்தப் பந்தியை நான் கவனிக்கவில்லை.

அந்த அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை என்ற பட்டத்தைத் தாங்கிய ஒருவர் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சார்லஸ் தோமாஸ் மையார் தெ தூர்னோன், திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்டின் தூதர். சீனாவுக்குப் போகும் வழியில், மதுரை மறைத்தளத்திலும் அதன் அண்டைத் தளங்களிலும் கைக்கொள்ளப்பட்ட 'மலபார் வழக்கங்கள்' பற்றி விசாரிப்பது அவர் பணிகளுள் ஒன்று. தஞ்சை நாடும் மதுரை மறைத்தளத்துக்குள் அடங்கியதே. உடல்நலம் குன்றியிருந்த அவர் புதுச்சேரியை விட்டு உள்நாட்டுக்குள் வரவில்லை. இரண்டு இயேசு சபைக் குருக்களிடம் கேட்டறிந்தே 1704 சூன் 23-ஆம் நாள் 16 கூறுகள் கொண்ட ஆணையில் ஒப்பமிட்டார். சூலையில் அது வெளியானது.

அந்த ஆணையை நம் காலத்தவர் பலர் கடிந்து எழுதியுள்ளனர். தே நொபிலி அடிகளார் 1606 முதல் பொறுமையாகக் கட்டிய பாலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் எட்டு மாதத்தில் இடித்தார் என்பது அவர்கள் குறை. அதில் உண்மை உண்டு. திருமணத்தில் தேங்காய் உடைக்கலாகாது, தாலிக் கயிற்றின் இழைகளை 108 என்று எண்ணலாகாது, ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடலாகாது என்றெல்லாம் அது ஆணையிடுகிறது. எச்சிலைத் தீட்டெனக் கருதும் நாட்டில் அந்தக் கடைசிக் கட்டளை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சட்டத்தை எழுதுகிறவர் ஒருநாளாவது அந்த ஊரில் சோறுண்டிருக்க வேண்டும்.

ஆனால் அதே தாளில் வேறு இரண்டு கூறுகள் உள்ளன. மாதவிலக்கு நாள்களில் பெண்களைக் கோவிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. நோயுற்ற பறையர் குலக் கிறிஸ்தவர்களின் குடிசைகளுக்குக் குருக்கள் நேரில் சென்று இறுதி அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது மற்றொன்று. அதுவரை இருந்த வழக்கம் இதுதான்: குரு சேரிக்குள் நுழையமாட்டார். சாகக் கிடப்பவரைக் கோவிலுக்கோ வேறோர் இடத்துக்கோ தூக்கி வரவேண்டும். உபதேசியார் குடிசைக்குள் போகலாம். ஆனால் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கவோ நோயிற்பூசவோ அதிகாரம் இல்லை. போகக்கூடியவரால் கொடுக்க முடியாது, கொடுக்கக்கூடியவர் போகமாட்டார். தூக்கி வரும் வழியிலேயே உயிர் போய்விடும் என்ற அச்சம் எப்போதும் இருந்தது.

இயேசு சபைக் குருக்கள் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் சொன்ன நியாயம் எளிதில் தள்ளக்கூடியதன்று. சேரிக்குள் நுழைந்த குருவை ஊர்த் தெருவில் எவரும் ஏற்கமாட்டார், உயர்குலத்தார் திருமறையை விட்டுப் போவர், அரண்மனை பகைக்கும், முடிவில் சேரிக் கிறிஸ்தவர்களுக்கும் குரு இல்லாமற்போகும். வெறும் கற்பனையும் அன்று இது. 1701-இல் மராத்திய மன்னர் சகஜியின் ஆட்சியில் தஞ்சைக் கிறிஸ்தவர்கள் கொடிய துன்பம் அனுபவித்தார்கள். யோசேப்பு கர்வாலோ என்னும் குரு தஞ்சைச் சிறையிலேயே உயிர்துறந்தார். மறைசாட்சியாக இறக்க அஞ்சாத அந்தத் துறவிகள் ஒரு குடிசை வாசலைக் கண்டு தயங்கினார்கள் என்பதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. அரசனின் சட்டத்தைவிட ஊரின் சட்டம் வலியது.

வழக்கு நாற்பது ஆண்டு நடந்தது. மயிலை ஆயரான பிரான்சிஸ் லாய்னஸ் ஆணையை எதிர்த்து எழுதினார். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தம் ஆணைமடலால் வழக்கை முடித்தார். அப்போது ஓர் ஏற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது: சேரி மக்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிப்பது. குடிசைக்குக் குரு போவார், ஆனால் அவர் ஊர்த் தெருவுக்குரிய குருவாக இருக்கமாட்டார். சட்டம் எழுத்துப்படி நிறைவேறியது. மாமூலும் பங்கமின்றி நிலைத்தது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் நம் திறமை பழையது.

இதற்கிடையே, அருளையே தம் கொடியாக ஏந்தியவர்களும் இக்கரைக்கு வந்துவிட்டார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்ற லூத்தரின் படிப்பினையைப் போதித்தனர். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர், உபதேசியாருக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதிய மறு ஆண்டில், 1728-இல், 'வேத விளக்கம்' எழுதி அவர்களுக்கு மறுமொழி கொடுத்தார். விசுவாசம் மட்டுமா, நற்செயலும் வேண்டுமா என்று கடலோரமும் ஆற்றோரமும் தமிழில் வழக்காடின. நல்ல தமிழ், கூர்மையான வாதம். ஆனால் இரு தரப்புக் கோவில்களிலும் குலத்துக்கொரு பக்கமாகவே மக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னர் தஞ்சையிலேயே அது வெடித்தது. 1833-இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக நீங்க வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தனி இருக்கை கூடாது. திருவிருந்தின் கிண்ணத்தை இன்னார் முதலில், இன்னார் பின்னால் என்று அணுகுவது கூடாது. தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் முழுவதையும் பாடவைத்த வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். அவர் பாடல்களை நேசிக்கும் எனக்கு இதை எழுதுவது எளிதாயில்லை.

1999-இல் நம் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டு, மீட்பு முற்றிலும் இறைவனின் அருளே என்று ஒன்றாய் அறிக்கையிட்டன. ஏலாக்குறிச்சியும் தரங்கம்பாடியும் ஒருவாறு கைகுலுக்கிக்கொண்டன. மலபார் வழக்கங்களுக்கு எதிரான சத்தியப்பிரமாணம் 1940-இலேயே நீக்கப்பட்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குத்துவிளக்கும் ஆரத்தியும் பீடத்தருகே வந்தன. தேங்காயும் மெல்லத் திரும்பி வந்தது. தூர்னோன் விலக்கியவை எளிதில் மீண்டன. அவர் கட்டளையிட்டதுதான் இன்னும் மீதி நிற்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2008-இல் விழுப்புரம் பகுதி எறையூரில், ஒரே விசுவாசத்தார் இரு தரப்பாக மோதி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆணைகளுக்குக் குறைவில்லை.

இவற்றையெல்லாம் அன்னியர் கதையாக எழுத எனக்கு உரிமையில்லை. குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டு, கடைமடைப் பகுதியில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, மூதாட்டி ஒருவர் சாகக் கிடப்பதாகச் சொல்லி அழைத்தார்கள். நற்கருணையையும் நோயாளர் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். அவர் வீட்டில் இல்லை. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து, சாலையோரம் புளியமரத்தடியில் வைத்திருந்தார்கள். மேலே ஒரு யூரியாச் சாக்கு விரித்திருந்தது. ஏன் இப்படி என்று நான் பேச்சுக்குக் கேட்டேன். "மாமூல்தான் சாமி. எங்க ஆத்தாவுக்கும் இங்கதான் குடுத்தாங்க. சாமி சேத்துல இறங்கக் கூடாதுங்க" என்றார் அவர் மகன். அவர்களுக்கு என் மேல் இருந்த மரியாதை என்றே அன்று எடுத்துக்கொண்டேன். எண்ணெய் பூசினேன், நன்மை கொடுத்தேன், மழை வலுக்குமுன் திரும்பிவிட்டேன். விடியுமுன் அவர் இறந்துபோனார்.

பல ஆண்டுகள் கழித்து, தூர்னோனின் ஆணையை ஒரு நூலில் படித்தபோதுதான் அந்தப் புளியமரம் என் நினைவுக்கு வந்தது. அதன்பின் ஒருமுறை அந்த ஊருக்குப் போய், சாலையிலிருந்து அவர் வீடுவரை வரப்பின் மேல் நடந்து பார்த்தேன். நூற்றிருபது எட்டு.