விமானப் புகையை அளந்த வரலாறு

விமானம் ஒன்று எரிக்கும் எரிபொருளின் எடையை அறிவது எளிது. அந்த விமானத்தால் புவி எவ்வளவு வெப்பமடைகிறது என்பதை அறிவது எளிதன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க அறிவியலார் மேற்கொண்ட முயற்சி ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கால வரலாறு. அவ்வரலாற்றில் அளக்கப்பட்டவை அனைத்தும் கணக்கில் ஏறிவிடவில்லை என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

உயரே செல்லும் விமானத்தின் பின்னால் நீளும் வெண்கோட்டைப் புகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பனித்துகள்களின் தொகுதி. எரிபொருள் எரிகையில் வெளிவரும் நீராவி, கடுங்குளிர்க் காற்றில் கலந்து, புகைக்கரித் துகள்களைப் பற்றி உறைவதால் உண்டாவது. எத்தகைய சூழலில் அது தோன்றும் என்பதை 1941இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் விளக்கினார். 1953இல் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஆப்பிள்மேன் அவ்விளக்கத்தை விரிவாக்கினார். அக்காலத்தின் அக்கறை படைத்துறை சார்ந்தது. வெண்கோடு விமானத்தின் இருப்பிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தது. பருவநிலை பற்றிய எண்ணம் அதில் இல்லை.

1970களின் தொடக்கத்தில் பார்வை மாறியது. ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்று 1971இல் ஹெரால்டு ஜான்ஸ்டன் எச்சரித்தார். அதனைத் தொடர்ந்து அமெரிக்க அரசு பெரியதோர் ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. விமானப் புகை வளிமண்டலத்தையே மாற்றக்கூடும் என்ற கருத்து அரசுகளின் கவனத்தைப் பெற்றது.

அடுத்து எழுந்தது, அப்புகை யாருடைய கணக்கு என்னும் வினா. சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் விமானம் பல நாடுகளின் வான்வெளியைக் கடக்கிறது. பல நாட்டினரைச் சுமக்கிறது. 1997ஆம் ஆண்டின் கியோத்தோ உடன்படிக்கை இச்சிக்கலைத் தீர்க்காமல், அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழியாகக் கையாளுமாறு விட்டுவிட்டது. அனைத்துலகப் பயணங்களுக்கு விற்கப்படும் எரிபொருளின் வெளியேற்றத்தை நாடுகள் தனியே பதிவுசெய்கின்றன. தேசிய மொத்தத்தில் அதனைக் கூட்டுவதில்லை. சாங்கியில் நிரப்பப்படும் எரிபொருளுக்கும் அதுவே விதி.

1999இல் பருவநிலை மாற்றம் குறித்த அரசாங்கங்களுக்கிடையிலான குழு, விமானப் போக்குவரத்துக்கெனச் சிறப்பறிக்கை ஒன்றை வெளியிட்டது. விமானங்களின் மொத்த வெப்பத் தாக்கம், அவற்றின் கரியமில வாயுவால் மட்டும் விளையும் தாக்கத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. டேவிட் லீயும் பிற அறிஞர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அத்தாக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாதவற்றால் விளைவது என்றது. அவற்றுள் முதலிடம் வெண்கோடுகளுக்கும் அவை பரவி உண்டாகும் மெல்லிய மேகங்களுக்கும் உரியது.

இருப்பினும், ஏட்டில் ஏறியது கரியமில வாயு மட்டுமே. காரணம் எளிது. 1 கிலோகிராம் விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோகிராம் கரியமில வாயு வெளிவரும். எங்கே எரித்தாலும் அளவு மாறாது. வெண்கோட்டின் இயல்பு வேறு. ஈரக்காற்றில் அது மணிக்கணக்கில் நீடிக்கும். உலர்காற்றில் உடனே மறையும். பகலில் வெயிலைத் திருப்பி அனுப்பி ஓரளவு குளிர்விக்கும். இரவில் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கும். மேலும், நூற்றாண்டுகள் நிலைக்கும் வாயுவையும் சில மணிநேரமே வாழும் மேகத்தையும் ஒரே தராசில் எவ்வாறு நிறுப்பது? 2021ஆம் ஆண்டு ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே வெளியேற்றத்தை 100 ஆண்டுக் கால அளவில் கணக்கிட்டால் மொத்தத் தாக்கம் கரியமில வாயுவின் தாக்கத்தைப்போல் 1.7 மடங்கு; 20 ஆண்டுக் கால அளவில் 4 மடங்கு. எத்தனை ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அது மனிதர் செய்யவேண்டிய முடிவு.

2016இல் நாடுகள் ஒப்புக்கொண்ட கோர்சியா என்னும் ஈடுசெய் திட்டமும் கரியமில வாயுவையே கணக்கில் கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மற்றத் தாக்கங்களுக்கான கண்காணிப்பை 2025இல்தான் தொடங்கியது.

விமானப் போக்குவரத்தைச் சார்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ளதன்று. 2026 முதல் இங்கிருந்து புறப்படும் விமானங்களில் 1 விழுக்காடு நீடித்த நிலைத்தன்மைமிக்க எரிபொருளைப் பயன்படுத்தும் இலக்கைச் சிங்கப்பூர் 2024இல் அறிவித்தது. இத்தகைய எரிபொருள் கலந்த கலவைகளில் பறக்கும்போது பனித்துகள்கள் 50 முதல் 70 விழுக்காடு வரை குறைவதை, நாசாவும் ஜெர்மானிய விண்வெளி ஆய்வு மையமும் இணைந்து மேற்கொண்ட பறப்பு அளவீடுகள் காட்டியுள்ளன. கரியமில வாயுவை மட்டும் எண்ணும் ஏட்டில் அந்த நன்மையை எழுதவும் இடமில்லை. விடுபட்ட பத்தி கேட்டை மறைப்பதோடு, அக்கேட்டைக் குறைக்கும் முயற்சியின் பயனையும் மறைத்துவிடுகிறது.

வெண்கோடுகளின் தாக்கத்தைப் பற்றிய மதிப்பீடுகள் இன்னும் துல்லியமாகவில்லை என்பது உண்மை. ஆனால், துல்லியமாகத் தெரியாத ஒன்றைச் சுழியம் என்று எழுதுவதும் ஓர் எண்ணை எழுதுவதே. அறிந்தவரையில் அது தவறான எண். எனவே, மதிப்பீட்டை அதன் ஐயத்தின் எல்லைகளோடு சேர்த்து ஏட்டில் பதிவுசெய்வதே நேர்மையான கணக்கு என்று நாம் கருதுகிறோம்.